பின்னங்காலில் நடந்த நாய்

1763 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. லண்டனில் க்வேக்கர்களின் கூட்டத்தில் ஒரு பெண் பிரசங்கம் செய்ததைக் கேட்டுவிட்டு வந்த பாஸ்வெல், அதை டாக்டர் ஜான்ஸனிடம் சொல்கிறார். ஜான்ஸன் பின்னங்கால்களில் நடக்கும் நாயை அதற்கு உவமை காட்டுகிறார். நடை சரியாக இராதாம். நடந்துவிடுகிறதே என்பதுதான் அதிசயமாம். ஜான்ஸன் இறந்து ஏழு வருஷம் கழித்து, 1791இல் வெளியான வாழ்க்கைச் சரித்திரத்தில் பாஸ்வெல் இதைப் பதிவு செய்தார். அன்றிலிருந்து ஆங்கிலம் படித்தவர்கள் இதைச் சொல்லிச் சிரித்து வருகிறார்கள்.

சிரிப்பு வருவது உண்மை. ஆனால் அது எதை மறைத்துக்கொண்டு வருகிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் பெண் யார், என்ன பேசினாள் என்பது பாஸ்வெல்லின் புத்தகத்தில் இல்லை. பேச்சு நன்றாக இருந்ததா என்ற கேள்வியே எழவில்லை. பேசினாள் என்பதே செய்தியாகி, செய்தி ஹாஸ்யமாகி, ஹாஸ்யம் மட்டும் தங்கிவிட்டது. நாயை நமக்குத் தெரியும், அவளைத் தெரியாது.

இன்னொன்று. அந்த ஆச்சரியம் மிகவும் தாமதமானது. க்வேக்கர் கூட்டத்தில் உள்ளுந்துதல் பெற்றவர் ஆணோ பெண்ணோ எழுந்து பேசலாம். பெண் பேசுவதன் நியாயத்தை வாதாடி மார்கரெட் ஃபெல் பிரசுரம் எழுதியது 1666இல். ஏறக்குறைய நூறு வருஷமாக நடந்துவரும் ஒரு காரியத்தை, நேற்றுச் சந்தையில் கண்ட வித்தையைப் போல ஜான்ஸன் பேசுகிறார். பழகிப்போயிருக்க வேண்டியதைத் திரும்பத் திரும்ப அதிசயமாக்கிவிடுவதுதான் இந்தக் கிண்டல் செய்யும் வேலை. அதிசயத்தை யாரும் விமர்சிப்பதில்லை. வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஜான்ஸன் பெண்களை வெறுத்தவர் என்று முடித்துவிடவும் முடியாது. எபிக்டெடஸை மொழிபெயர்த்த எலிஸபெத் கார்ட்டரின் புலமையை அவர் மதித்தார். நாவலாசிரியை ஷார்லட் லெனாக்ஸுக்குத் துணை நின்றார். தன் பூனை ஹாட்ஜுக்குச் சிப்பி வாங்க அவரே கடைக்குப் போவார். வேலைக்காரர்களை அனுப்பினால், அந்தச் சிரமத்துக்காக அவர்கள் பூனையை வெறுக்க ஆரம்பித்துவிடுவார்களோ என்ற கவலை. இதையும் எழுதிவைத்தவர் பாஸ்வெல்தான். அவருக்குப் பூனை என்றாலே ஆகாது. ஒரு பூனையின் கௌரவத்தை இவ்வளவு நுட்பமாக யோசித்த மனிதர் அந்த நாய் உவமையைச் சொன்னார் என்பது முக்கியம். கிண்டலுக்கு வெறுப்பு தேவையில்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பிராணி இருந்தால் போதும்.

1928 அக்டோபரில் கேம்பிரிட்ஜின் இரண்டு பெண்கள் கல்லூரிகளில் வர்ஜீனியா வுல்ஃப் பேசினார். அது விரிந்து 1929இல் ‘தனக்கென்று ஓர் அறை’ என்ற புத்தகமாயிற்று. அதில் இந்த நாயின் வம்சாவளியை அவர் தொடர்கிறார். தான் கற்பனை செய்த ஷேக்ஸ்பியரின் தங்கை நடிக்க வந்தபோது, நாடகக்காரன் ஒருவன் நடனமாடும் நாயை நினைத்துக்கொள்கிறான். அது கதை. அடுத்தது ஜான்ஸன், அது சரித்திரம். மூன்றாவது அவர் காலத்து அச்சுப் புத்தகம். ஸெஸில் க்ரே 1924இல் வெளியிட்ட சமகால இசை பற்றிய நூலில், ஜெர்மேன் தாய்ஃபெர் என்ற பிரெஞ்சுப் பெண் இசையமைப்பாளரைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில் ஜான்ஸனின் வாக்கை எடுத்து, பிரசங்கத்துக்குப் பதில் இசையை வைத்துக் காரியத்தை முடித்துக்கொள்கிறார். தாய்ஃபெர், ‘அறுவர்’ என்று பெயர் பெற்ற இசையமைப்பாளர் குழுவில் இருந்த ஒரே பெண். இசை கற்பதைத் தந்தை எதிர்த்ததால் குடும்பப் பெயரையே மாற்றிக்கொண்டவர். 1983இல், தொண்ணூற்றொரு வயதில் இறந்தார். அவர் இசையைக் கேட்டுக் குறை சொல்லியிருக்கலாம். விமர்சகருக்கு அந்தச் சிரமம் வேண்டியிருக்கவில்லை. 160 வருஷப் பழைய நாய் தயாராக இருந்தது.

அதே புத்தகத்தில் ஒரு பூனையும் வருகிறது. பெண்ணால் ஷேக்ஸ்பியரைப்போல் எழுத முடியாது என்று பத்திரிகைக்கு எழுதிய ஒரு பிஷப்பை வுல்ஃப் நினைவுகூர்கிறார். பூனைகள் சொர்க்கத்துக்குப் போவதில்லை என்று ஒரு பெண்மணிக்குப் பதில் சொன்னவரும் அவரே. நாய்க் கிண்டல் திறமையைப் பற்றியது. பூனைத் தீர்ப்பு ஆத்மாவைப் பற்றியது. முன்னதில் கொஞ்சம் வியப்பாவது உண்டு. பின்னதில் கதவு சாத்தியாயிற்று. இரண்டிலும் கதவருகே நிற்பவர் ஒருவரே.

வுல்ஃப் இதற்கு எதிர்வாதம் செய்வதில்லை. பிராணிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். ஆண்கள் கல்லூரி விருந்தில் தனக்கு வந்த சிரிப்புக்குக் காரணம் சொல்ல முடியாமல், புல்வெளியில் போகும் வாலில்லாப் பூனையைக் காட்டித் தப்பிக்கிறார். 1933இல், கவி எலிஸபெத் பாரெட்டின் நாய் ஃப்ளஷ்ஷுக்கு ஒரு வாழ்க்கைச் சரித்திரமே எழுதினார். அந்த நாயைத் திருடர்கள் கொண்டுபோய்ப் பணம் கேட்டபோது, கொடுக்கக் கூடாது என்றார்கள் ஆண்கள்; காதலர் ப்ரௌனிங் உள்பட. அறையை விட்டு அதிகம் வெளியே வராத நோயாளியான எலிஸபெத் வண்டி பிடித்துத் திருடர்கள் வட்டாரத்துக்கே போனார். 1846 செப்டம்பரில் நடந்தது இது. அதே மாதம் தந்தைக்குத் தெரியாமல் ப்ரௌனிங்கை மணந்துகொண்டார். இங்கே நாய், பெண்ணைச் சிறுமைப்படுத்தும் உவமையாக வரவில்லை. அவளோடு சேர்ந்து அடைபட்டு, அவளோடு வெளியேறுகிறது.

கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் தந்தது 1948இல். இங்கிலாந்துத் திருச்சபையில் பெண்கள் குருமார்களானது 1994இல். மேடைகள் திறந்தன. உவமை ஓய்வு பெற்றதா என்பது வேறு விஷயம். ‘ஒரு பெண் இவ்வளவு எழுதியிருப்பதே’ என்று ஆரம்பிக்கிற மதிப்புரையை நம்மில் யாரும் படித்ததில்லை என்று சொல்ல முடியாது. அதில் நாய் இல்லை. நாய்க்கு விட்ட இடம் இருக்கிறது. அந்த வாக்கியத்தை அடித்துவிட்டால் அடுத்து எழுத வேண்டியது புத்தகத்தைப் பற்றி. அதற்குப் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும்.