தசபுரத்துப் பட்டு நெசவாளரும் அவர்தம் கல்வெட்டும்

பண்டைய இந்திய நெசவாளரைப் பற்றிப் பிறர் எழுதியவை பல. அவர்கள் தம்மைப் பற்றித் தாமே எழுதுவித்தவை மிகச் சில. மத்தியப் பிரதேசத்து மந்தசோரில், சிவனா ஆற்றங்கரையில் கிடைத்த சமஸ்கிருதக் கல்வெட்டு அவ்வரிய சான்றுகளுள் ஒன்று. மந்தசோரின் பழம்பெயர் தசபுரம்.

இதனைப் பொறிக்கச் செய்தது பட்டு நெசவாளரின் தொழிற்குழு. கல்வெட்டு அதனைச் ‘சிரேணி’ என்கிறது. இக்குழுவினர் தென் குஜராத்தின் லாட நாட்டிலிருந்து தசபுரத்திற்குக் குடிபெயர்ந்தவர்கள். முதலில் மனத்தாலும், பின்னர் மக்களோடும் சுற்றத்தோடும் நேரிலும் வந்து சேர்ந்தனராம். முதலாம் குமாரகுப்தனின் பேரரசுக்கு உட்பட்டுப் பந்துவர்மன் ஆண்ட காலத்தில், மாளவ ஆண்டு 493இல், தம் தொழிலால் ஈட்டிய பொருளைக் கொண்டு கதிரவனுக்குக் கோயில் எடுத்தனர். அதன் ஒரு பகுதி பிற்காலத்தில் சிதைந்தது. 36 ஆண்டுகள் கழித்து, மாளவ ஆண்டு 529இல் (பொ.ஆ. 473), அதே குழு அதனைப் புதுப்பித்தது. வத்ஸபட்டி என்னும் புலவர் இவ்வரலாற்றை 44 செய்யுட்களில் பாடினார்.

அவற்றுள் பட்டின் புகழ் பேசும் பகுதி குறிப்பிடத்தக்கது. இளமையும் எழிலும் உடையவளாயினும், பொன்னாரமும் தாம்பூலமும் மலரும் கொண்டவளாயினும், பட்டாடை இணையை உடுத்தாமல் ஒரு பெண் தன் காதலனைக் காணச் செல்வதில்லை என்கிறார் புலவர். தொழிலின் பெருமையை நெசவாளரே எடுத்துரைக்கச் செய்த விளம்பரம் என்றே இதனைக் கொள்ளலாம்.

அடுத்து வருவது துணியின் வருணனை: தொடுதற்கு இனியது, கண்ணுக்கு இனியது, ‘வர்ணாந்தர விபாக சித்ரம்’ உடையது. இத்தொகையின் உயிர் ‘விபாகம்’ என்னும் சொல்லில் உள்ளது. அதற்குப் பகுப்பு என்பது பொருள். வெவ்வேறு நிறங்கள் தத்தம் இடத்தில் பிரிந்து நின்று கோலமாயின என்பதே இதனால் பெறப்படுவது. ஆனால் அப்பகுப்பு கோடுகளா, கட்டங்களா, நூலைக் கட்டிச் சாயமேற்றிய உருக்களா என்பதைச் சொல் வரையறுக்கவில்லை. ஏறத்தாழ அதே காலத்து அஜந்தா ஓவியங்களில் வரியிட்ட ஆடைகளும் வடிவியல் கோல ஆடைகளும் காணப்படுகின்றன. இவ்வொப்புமையைக் கொண்டு பாட்டன் நகரத்துப் பட்டோலாவின் மூலம் இதுவே எனத் துணிவது, ஒரு தொகைச்சொல்லின் மீது அது தாங்காத பாரத்தை ஏற்றுவதாகும்.

இதே எச்சரிக்கை இன்னோரிடத்திலும் தேவை. குழுவினருள் சிலர் வில்வித்தையிலும், சிலர் கதைகூறலிலும், சிலர் சோதிடத்திலும் சிறந்தனர் என்னும் செய்தியைப் பட்டு வாணிகத்தின் வீழ்ச்சிக்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. ஆனால் தம் குலத்தொழிலிலேயே சிறந்து விளங்கியோரையும் அதே கல்வெட்டு குறிப்பிடுகிறது. கோயிலைப் புதுப்பித்த நாளிலும் அவர்கள் நெசவாளர் குழுவாகவே தம்மை அடையாளப்படுத்தினர்.

அவர்கள் நெய்த துணி ஒன்றும் எஞ்சவில்லை. கல்லில் அரசரின் பெயர் உண்டு, புலவரின் பெயரும் உண்டு. நெசவாளர் ஒருவரின் தனிப்பெயரும் இல்லை. தனி மனிதரின் பெயரை விடுத்துக் குழுவின் பெயரையே அவர்கள் நிலைநிறுத்தினர். துணியின் பொலிவைக் கூற அவர்கள் விட்டுச்சென்றது ஒரு தொகைச்சொல் மட்டுமே. அதனை உள்ளதற்கு மிகாமல் வாசிப்பதே அவர்களுக்கு ஆய்வுலகம் செய்யத்தக்க மரியாதை.