மைசூர்த் தடா நீதிமன்றமும் மாதேஸ்வரன் மலைக் கிராமங்களும்

வீரப்பன் என்றதும் நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது மீசையும் துப்பாக்கியும் சந்தனக் கட்டையுந்தான். மைசூரில் வாழும் நமக்கு அந்த வரலாற்றில் வேறொரு பங்கு உண்டு. தேடுதல் வேட்டை காட்டில் நடந்தது. அதில் பிடிபட்டவர்களின் தலையெழுத்து எழுதப்பட்டதோ இந்த ஊர்ச் சிறையிலும் நீதிமன்றத்திலும். தசரா பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்கு அரண்மனையைக் காட்டுகிறோம், சாமுண்டி மலையைக் காட்டுகிறோம். இதை யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

முதலில் ஒரு பழைய சங்கதி. கொள்ளேகால் வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று, மொழிவாரி மாநிலச் சீரமைப்பில், அது மைசூர் மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. வீரப்பன் பிறந்த கோபிநத்தமும், மார்ட்டள்ளி முதலான தமிழ் பேசும் ஊர்களும் அப்படித்தான் கன்னட நாட்டின் பகுதியாயின. நாம வேலை தேடி, வியாபாரம் தேடி வந்தவங்க. அவங்க எங்கிருந்தும் வந்தவங்க இல்லை. இருந்த இடத்திலேயே இருந்தாங்க, எல்லைக்கோடுதான் நகர்ந்து போச்சு. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகும் வரை அந்த மலைக் கிராமங்கள் மைசூர் மாவட்டத்தில்தான் இருந்தன. வழக்குகள் இங்கே வந்ததற்கு அதுவே காரணம்.

யானைத் தந்தமும் சந்தனமும் கடத்திய கும்பல் ஆயுதப் படையாக மாறிய காலம் 1990களின் தொடக்கம். வன அதிகாரி ஸ்ரீநிவாஸ் 1991 நவம்பரில் கொல்லப்பட்டார். 1992 மே மாதத்தில் ராமாபுரம் காவல் நிலையம் தாக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று மைசூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஹரிகிருஷ்ணாவும் உதவி ஆய்வாளர் ஷகீல் அகமதுவும் பதுங்கித் தாக்கப்பட்டு உயிரிழந்தனர். 1993 ஏப்ரல் 9இல் பாலாறு அருகே கண்ணிவெடியில் 22 பேர் மாண்டனர். போலீஸார், வனக்காவலர்கள் மட்டுமல்ல, வழிகாட்டக் கூடப்போன ஊர்க்காரர்களும் அதில் செத்தார்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம்மவர்களில் சிலர் வீரப்பனை இனக்காவலனாக்கிப் பேசுவதுண்டு. அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை.

அடுத்து வந்தது அரசின் கை. கர்நாடக அதிரடிப்படை சங்கர் பிதரி தலைமையிலும், தமிழக அதிரடிப்படை வால்டர் தேவாரம் தலைமையிலும் மலையில் இறங்கின. எல்லைப் பாதுகாப்புப் படையும் வரவழைக்கப்பட்டது. வீரப்பன் அகப்படவில்லை, அகப்பட்டது ஊர்ஜனங்கள். அரிசி கொடுத்தான், சோறு போட்டான், தகவல் சொன்னான் என்று ஆணும் பெண்ணுமாகக் கொண்டுபோனார்கள். மாதேஸ்வரன் மலையில் விசாரணை நடந்த இடத்திற்கு 'வொர்க்‌ஷாப்' என்று பெயர். அங்கே மின்சாரம் பாய்ச்சினார்கள், பெண்களை வன்கொடுமை செய்தார்கள் என்று பின்னாளில் பலர் சாட்சியம் சொன்னார்கள்.

பிடிபட்டவர்கள்மேல் பாய்ந்தது தடாச் சட்டம். அதன் பிடி இரண்டு முடிச்சுகளில் இருந்தது. காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி முன்பு கொடுத்த வாக்குமூலமே சாட்சியமாகும் என்பது ஒன்று. குற்றமற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிமன்றம் கருதினாலொழிய ஜாமீன் கிடையாது என்பது மற்றொன்று. அடித்து எழுதி வாங்கிவிட்டால் வெளியே வர வழியே இல்லை. 1995 மே மாதம் சட்டம் காலாவதியாயிற்று. ஆனால் அதன்கீழ் போட்ட வழக்குகள் செத்தபாடில்லை. சட்டம் போயாச்சு, கைதி மட்டும் உள்ளே!

2000ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று காஜனூரில் நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டதும் இந்தக் கைதிகளின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. பெங்களூரில் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலையைத் திறக்க வேண்டும் என்பதோடு, மைசூர்ச் சிறையிலிருந்த தடா கைதிகளை விடுவிக்க வேண்டும் என்பதும் வீரப்பனின் நிபந்தனைகளில் சேர்ந்திருந்தது. (சிலை திறக்க 2009 ஆகஸ்ட் ஆயிற்று, அது வேறு கதை.) கர்நாடக அரசு தடாக் குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெற மனுச் செய்தது. மைசூர் நீதிமன்றமும் இசைந்தது.

அப்போதுதான் ஷகீல் அகமதுவின் தந்தை, ஓய்வுபெற்ற காவல் அதிகாரி அப்துல் கரீம், உச்ச நீதிமன்றப் படியேறினார். மகனைப் பறிகொடுத்த ஒரு முதியவர், இரண்டு மாநில அரசுகளையும் எதிர்த்து. நவம்பர் 7 அன்று நீதிபதி பரூச்சா தலைமையிலான அமர்வு அவர் பக்கம் தீர்ப்பளித்தது: வழக்கைத் திரும்பப் பெறுவது பொதுநலனுக்கு உகந்ததா என்று அரசு வழக்கறிஞரும் நீதிபதியும் தாமே சிந்தித்திருக்க வேண்டும், அரசு சொன்னதற்காகத் தலையாட்டக் கூடாது. எட்டு நாளில், நவம்பர் 15 அன்று, 108 நாள் கழித்து ராஜ்குமார் விடுதலையானார். அந்த 108 நாளும் கர்நாடகத் தமிழர்கள் எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பது 1991 டிசம்பர்க் காவிரிக் கலவரத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

கரீம் கேட்டது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். அதேசமயம் அந்தத் தீர்ப்பின் மறுபக்கம் இருக்கிறதே, அதுதான் உறுத்துகிறது. 2001இல் மைசூர்த் தடா நீதிமன்றம் வழக்கை முடித்தபோது, விசாரிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் குற்றம் நிரூபிக்கப்படாமல் விடுதலையானார்கள். ஏழெட்டு வருஷம் சிறையில் கழித்த பிறகு! உள்ளே போனபோது கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போனவர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பார்க்கத் திரும்பினார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பாலாறு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற நால்வர் நீதி தேடி மேல்முறையீட்டுக்குப் போனார்கள். 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதையே மரண தண்டனையாக உயர்த்தியது. அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் வீரப்பன் சுட்டுக்கொல்லப்பட்டார். தலைவன் போய்ச் சேர்ந்த பின்னும் நால்வரின் கருணை மனு ஒன்பது ஆண்டு கிடப்பில் கிடந்தது. 2013 பிப்ரவரியில் நிராகரிக்கப்பட்டது. பெளகாவி ஹிண்டல்கா சிறையில் தூக்குமேடை காத்திருந்தது. 2014 ஜனவரி 21 அன்று, கருணை மனுக்களில் நேர்ந்த தாமதத்தைக் காரணமாக்கி, தலைமை நீதிபதி பி. சதாசிவம் அமர்வு இந்நால்வர் உட்பட 15 பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. சதாசிவம் பவானிப் பக்கத்துக்காரர் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. காட்டின் இந்தக் கரையில் வழக்கு, அந்தக் கரையிலிருந்து நீதிபதி.

அதிரடிப்படைகள் மீதான புகார்களை விசாரிக்க தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. மலைச்சனங்கள் அதன்முன் வந்து வாய்திறந்தார்கள். அறிக்கை 2003இல் முடிந்தது. 2007இல் 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்ச ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. தலைக்குச் சராசரி மூன்று லட்சத்துக்கும் சற்று அதிகம்.