குறிஞ்சிப்பாட்டும் வருணனைப் பயிற்சியும்

கணியம்பாடியை அடுத்து எழும் சவ்வாது மலைத்தொடர் தெற்கே செங்கம் வரை நீள்கிறது. அச்செங்கமே மலைபடுகடாம் கூறும் நன்னனின் செங்கண்மா. பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடிய அந்நூல், மலையை உயர்ந்தது, அழகியது என்று சொல்லி அமைவதில்லை. அருவியாடும் மகளிர் ஆரவாரம், யானை பிடிப்போர் கூச்சல், தினை குற்றுவோர் பாட்டு என அங்கு எழும் ஓசைகளை ஒவ்வொன்றாகக் கேட்கவைக்கிறது. இத்தகைய நுண்விவரக் கலை எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்பதற்குச் சான்றுகள் அரியன. பத்துப்பாட்டிலேயே உள்ள குறிஞ்சிப்பாட்டு அவற்றுள் ஒன்று.

ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தக் கபிலர் பாடியது என்று அதன் பழங்குறிப்பு கூறுகிறது. இக்குறிப்பு பாட்டுக்குப் பிற்பட்டது. அதனை மட்டும் கொண்டு வரலாறு எழுத இயலாது. எனினும் 261 அடிகள் கொண்ட இப்பாட்டை முன்னோர் பாடநூலாகவே கண்டனர் என்பது அதனால் தெளிவாகிறது.

பாடநூல் என்றதும் நினைவுக்கு வருவது 99 பூக்களின் பட்டியல். ஆம்பல், நெய்தல், தாழை போன்ற பிறநிலப் பூக்களும் அதில் உண்டு. பூவும் புள்ளும் நிலம் மாறி வரலாம் என்று தொல்காப்பியம் இடம் தருகிறது; ஆயினும் இவ்விடத்தில் ஆசிரியர் கபிலர் புலவர் கபிலரைச் சற்றே முந்திவிட்டார் எனலாம். உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முயன்றபோது, ஏடுகளில் இப்பகுதியின் சில பூப்பெயர்கள் விடுபட்டிருந்தன. தருமபுர ஆதீனத்து ஏட்டில் கண்ட பின்னரே அவ்விடம் நிரம்பியது. பொதுவான அடைமொழி சிதைந்தால் ஊகித்து நிரப்பலாம். பூவின் பெயரை ஊகிக்க முடியாது.

ஆனால் கபிலரின் உண்மையான பாடம் பட்டியலில் இல்லை. அது, பேசுபவர் யார், எதற்காகப் பேசுகிறார் என்பதில் உள்ளது. தலைவி மெலிந்திருக்கிறாள், காரணம் அறியாத செவிலி தெய்வங்களை வழிபடுகிறாள். அந்நிலையில் தோழி செவிலியிடம் அறத்தொடு நிற்கிறாள். அவள் கூறுவது நம்பப்படாவிடில் தலைவியின் வாழ்வே கெடும். ஆகவே கொய்த பூக்களையும், அவற்றைக் குவித்த பாறையையும், தலைவனுடன் பாய்ந்து வந்த நாய்களின் கூரிய பற்களையும், அவன் விடைபெற்ற மாலையில் கன்றை நினைத்துக் கதறிய பசுக்களையும் விடாமல் எடுத்துரைக்கிறாள். இங்கு வருணனை சாட்சியம். பள்ளிக் கட்டுரைப் பயிற்சியில் அடைமொழிகளை அடுக்குவதே வருணனை என்று கருதப்படும் நிலையில் இவ்வேறுபாடு கவனிக்கத்தக்கது.

மாணவர் கற்றாரா? குறுந்தொகையின் 184ஆம் பாடல் ஆரிய அரசன் யாழ்ப் பிரமதத்தன் பெயரில் உள்ளது. இருவரும் ஒருவரே என்று பெயரொப்புமையால் மட்டும் துணிய இயலாது. ஆயினும் ஒப்பீடு பயன் தருகிறது. கபிலரின் மலையும் பூக்களும் அதில் இல்லை. களம் கடற்கரைச் சிற்றூர். தன்னை இடித்துரைத்த பாங்கனிடம் தலைவன் பேசுகிறான். சான்றோர் பொய்ச்சாட்சி கூறார் என்றே தொடங்குகிறான். பிறகு அவ்வூருக்குச் செல்லாதீர் என்று எச்சரிக்கிறான். காரணமாக அவன் காட்டுவது அவ்வூரார் அன்றாடம் கையாளும் ஒரு பொருளைத்தான்: பரதவரிடம் இருப்பது மீன்படும் நுண்வலை, அவர்தம் மகளின் கண்ணோ, தன் நெஞ்சு அகப்பட்ட வலை.