ஆமை கிடந்த இடம்

பங்குனி வெயிலில் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக மாணவிகளை அழைத்துக்கொண்டு சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். ஏழு நாள் முகாம். மடைக்கு முன்னால் மேடிட்டிருந்த மண்ணை வெட்டிக் கரையில் போட வேண்டும். பக்கத்திலேயே நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. நாற்பது பேர் இருந்தால் அதில் ஆண்கள் நான்கைந்து பேர்; அவர்களும் வயதானவர்கள்.

மூன்றாம் நாள் காலை ஒரு மாணவி மண்வெட்டியை ஓங்கினாள். இரும்புச் சட்டியில் மண் சுமந்து போய்க்கொண்டிருந்த அக்கா ஒருவர் அப்படியே நின்று கத்தினார்: "ஏத்தா, நிறுத்து! உள்ள உசுரு கெடக்கு."

எங்கள் கண்ணுக்கு மண்தான் தெரிந்தது. அவர் சட்டியை இறக்கிவிட்டுக் குத்தவைத்து ஒரு கட்டியை மெல்லப் பெயர்த்தார். உள்ளே, மண்ணோடு மண்ணாக, ஒரு ஓட்டின் விளிம்பு. தண்ணீர் வற்றும்போது சேற்றுக்குள் இறங்கி, அடுத்த மழை வரைக்கும் உண்ணாமல், அசையாமல் கிடக்கும் ஆமை. பிள்ளைகள் கைப்பேசியை எடுப்பதற்குள் அக்கா கட்டியைத் திரும்ப வைத்து மூடிவிட்டார். "வெளிய எடுத்தா வெயில்ல செத்துரும். மண்ணு லேசாப் பொடச்சிருக்கு பாருங்க டீச்சர், அத வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்." கருவேல முள்ளை ஒடித்துச் சுற்றிலும் நட்டார். இரண்டு முழத்துக்கு இரண்டு முழம் இடம் வெட்டப்படாமல் நின்றது.

தமிழ் படித்தவளுக்கு இந்த இடத்தில் ஐங்குறுநூறு நினைவுக்கு வராமல் போகாது. ஓரம்போகியார், ஆமைக்குஞ்சு தாயின் முகத்தைப் பார்த்தே வளர்வதாக மருதத் திணையில் ஓர் உவமை வைத்திருக்கிறார். பல ஆண்டுகள் அதை உருக்கத்தோடு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் தாய் ஆமை முட்டையிட்டு மண்ணை மூடிவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடும். குஞ்சின் முகத்தை அது பார்ப்பதே இல்லை. ஆமையைக்கூடத் தாயாக்கித்தான் நாம் மதிக்க வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் அளவு எடுக்க வந்தார்கள். இந்த வேலையில் வெட்டிய குழியின் நீளம், அகலம், ஆழம் பார்த்துத்தான் கூலி. முள் நட்ட இடம் குறைந்தது. அந்தக் குழுவுக்கு அன்றைய கூலியும் குறைந்தது. நான் போய்க் காரணத்தைச் சொன்னேன். அளந்தவர் கோபப்படவில்லை, சிரித்தார். "ஆமைக்கெல்லாம் கணக்குல எடம் இல்ல மேடம்."

கணக்கில் யாருக்கு இடம் இருந்தது என்ற கேள்வி அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. நீர்நிலைப் பராமரிப்பின் வரலாற்றை வகுப்பில் சொல்லும்போது நாங்கள் பெருமையோடு தொடங்குவது உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில். முதலாம் பராந்தகன் காலத்தவை, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலையில் தேர்ந்த வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று; அதற்கு 6 பேர். உறுப்பினராக வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். பெண் கூடாது என்று தனியாக எழுத வேண்டிய தேவையே அந்தப் பிராமணச் சபைக்கு இருக்கவில்லை. ஏரியில் இறங்கி மண் சுமந்த எந்தச் சாதிக்காரரும் அந்தக் குடத்துக்குள் விழும் ஓலையில் இல்லை.

1858இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் குடிமராமத்தை எழுத்தில் ஏற்றியது. கரை உடையும் ஆபத்து வந்தால் ஊர்த்தலைவர் 'உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த, உடல் வலுவுள்ள ஆண்கள்' அனைவரையும் வேலைக்கு அழைக்க வேண்டும். நிலம் வைத்திருப்பவனின் வயலுக்குத் தண்ணீர். உடைப்பை அடைப்பதற்கு உழைக்கும் வகுப்பு. பெண் இந்தச் சட்டத்திலும் இல்லை. கட்டாயத்திலிருந்து தப்பினாள் என்று எடுத்துக்கொள்ளலாமா? இருபது ஆண்டுகூட ஆகவில்லை, 1876–78 தாது வருஷப் பஞ்சம். நிவாரண வேலைத் தளங்களில் பெண்களும் குழந்தைகளும் மண் சுமந்தார்கள். அங்கே கணக்கில் பெண் வந்துவிட்டாள், ஆணைவிடக் குறைந்த கூலிக்காரியாக.

கல்வெட்டும் சட்டமும் காட்டாத பெண்ணைப் புராணம் காட்டுகிறது. திருவிளையாடற் புராணத்தின் வந்தி. வைகை உடைப்பெடுக்கிறது, கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள், வீட்டுக்கு ஒரு பங்கு. பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவிக்கு அனுப்ப ஆள் இல்லை. சொக்கன் கூலியாளாக வருகிறான், உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொள்கிறான், வேலை செய்யாமல் தூங்குகிறான், பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான், அடி எல்லோர் முதுகிலும் விழுகிறது. மதுரையில் ஆண்டுதோறும் ஆவணியில் பிட்டுத் திருவிழா நடக்கிறது. என் முனைவர் பட்ட ஆய்வில் இந்தப் படலத்துக்கு ஓர் இயலே எழுதினேன். பக்தி, எளிமை, இறைவனின் கருணை. பாராட்டும் கிடைத்தது. 'ஆள்' என்றாலே ஆண்தான் என்று அந்தக் கதை எப்படி முடிவு செய்தது என்று நான் கேட்கவில்லை. பங்கு கேட்கும்போது மட்டும் வந்தியும் ஒரு குடி. மண்ணைச் சுமக்க முடியாதவள் என்று அவளைப் பற்றி யார் சொன்னது?

நான் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் என் அப்பத்தா மண் சுமந்தவள். முப்பது வயதுக்குள் தாலியறுத்தவள். கண்மாய் வேலை, ரோட்டு வேலை எது கிடைத்தாலும் போவாள். அவள் உச்சந்தலையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு முடி கிடையாது. சும்மாடு வைத்துச் சுமந்து தேய்ந்த இடம். எங்கள் வீட்டு விசேஷங்களில் போட்டோ எடுக்கும்போது "முந்தானையத் தலையில போட்டுக்க" என்று அம்மா அதட்டுவாள். அதனால் எந்தப் படத்திலும் அந்த வழுக்கை இல்லை. ஆய்வு எழுதிய மூன்று ஆண்டுகளும் அந்தப் படங்களில் ஒன்று என் மேசை மேல்தான் இருந்தது.

2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. தமிழ்நாட்டில் அதில் வேலை செய்தவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் பெண்கள். ஆயிரம் ஆண்டுக் கணக்கில் இது சின்ன மாற்றமல்ல. ஆனால் எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக்கூடாது, எது எங்கே உறங்குகிறது என்பதை அவர்களிடம் கேட்பதற்கு அந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது. நீள, அகல, ஆழக் கட்டங்கள் இருக்கின்றன.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்குத் திரும்பப் போனேன். கண்மாய் முக்கால்வாசி பெருகியிருந்தது. கலுங்கு ஓரம் துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார். எந்த இடம் என்று கேட்டேன். மோவாயால் தண்ணீரைக் காட்டினார். ஆமை போயிருக்குமா என்றேன்.

"மழை விழுந்த ராவே கெளம்பியிருக்கும் டீச்சர்" என்றார் சேலையைப் பிழிந்தபடி. "அன்னைக்குப் பிடிச்ச காசு மட்டும் இன்னும் வரல."