கோப்பு எஞ்சியது, எழுத்து எஞ்சவில்லை: பெங்களூரு வீட்டுக் கணினிகளும் மறுநிறுவலும்

பெங்களூருவின் கணினி வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. மின்னணு நகரம், மென்பொருள் ஏற்றுமதி, அயலகப் பணி என்று விரியும் அந்த வரலாற்றில் வீட்டு மேசைமீது இருந்த கணினிக்கு இடம் குறைவு. ஆயினும் 1990களின் பிற்பகுதி தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம், இந்நகரத்துக் குடும்பங்கள் தம் தாய்மொழியில் தட்டெழுதியவற்றுள் எது நிலைத்தது, எது மறைந்தது என்பதைப் பெருமளவு தீர்மானித்தது அந்த மேசைமீது நடந்த ஒரு செயல்தான். இயங்குதளத்தை அழித்து மீண்டும் நிறுவுவது. பேச்சுவழக்கில் 'ஃபார்மட் அடிப்பது'.

டவுன் ஹால் அருகே எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் உதிரிபாகங்களாக வாங்கிப் பூட்டப்பட்ட கணினிகளில் விண்டோஸ் 98 ஓடிய காலம் அது. நச்சுநிரல் புகுந்தாலோ, வேகம் குன்றினாலோ, திரை நீலமாகி நின்றாலோ மருந்து ஒன்றே: மறுநிறுவல். இது அடிக்கடி நேரும் என்பதை அறிந்தே, கணினியைப் பூட்டித் தருபவர்கள் வன்வட்டைச் 'சி' என்றும் 'டி' என்றும் பிரித்து வைத்தனர். இயங்குதளம் சி பகுதியில் இருக்கும். கடிதங்கள், கவிதைகள், சங்க நிகழ்ச்சி அழைப்பிதழ்கள், பாட்டு ஆகியன டி பகுதியில். சி அழியும், டி தப்பும். எளிய, சிறந்த ஏற்பாடு. ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய வீடுகளுக்கு அது முற்றிலும் போதுமானதாக இருந்தது.

தமிழுக்குப் போதவில்லை. காரணம், எழுத்துருக்கள் சி பகுதியில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருந்தன. அன்றைய தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவை ஒருவகை மாறுவேடம் எனலாம். கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் வரையப்பட்டிருக்கும். பாமினி எழுத்துருவில் ஆங்கிலச் சிறிய 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'அ' இருந்தது. மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியின் இடத்தில் இருந்தது. எழுத்துரு இருக்கும்வரை திரையில் தமிழ். மறுநிறுவலில் அது போய்விட்டால், டி பகுதியில் பழுதின்றி இருக்கும் அதே கோப்பு பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். உரிமையாளர் அதைக் 'கெட்டுப்போன கோப்பு' எனக் கருதி நீக்கிவிடுவது இயல்பே. ஆவணவியல் நோக்கில் இது வினோதமான இழப்பு: ஓலை செல்லரிக்கவில்லை, மை மங்கவில்லை, படிக்கும் திறவுகோல் மட்டும் காணாமற்போயிற்று.

1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாட்டு அரசு டேப், டாம் என்னும் குறியாக்கங்களைத் தரமாக்கியது. இணையத் தமிழர்கள் மின்னஞ்சல் வழி விவாதித்து உருவாக்கிய தஸ்கி மறுபுறம் வளர்ந்தது. நாளிதழ்களின் இணையதளங்களோ தத்தமக்கெனத் தனித்தனி எழுத்துருக்களைக் கோரின. தமிழ்நாட்டு அரசாணை பெங்களூருத் தமிழ் வீட்டைக் கட்டுப்படுத்தாது. நண்பர் கொடுத்த எழுத்துரு எதுவோ அதுவே அவ்வீட்டின் தரம். கன்னடத்தின் நிலை சற்று மேல். 1998இல் சேஷாத்ரிவாசு உருவாக்கிய 'பரஹ' மென்பொருளும், கன்னட கணக பரிஷத்து உருவாக்கி மாநில அரசு அலுவலகங்களில் புழங்கிய 'நுடி'யும் இருந்தமையால், தொலைந்த எழுத்துருவை மீண்டும் தேடிப் பெறுவது அங்கே எளிது.

இதற்கெல்லாம் தீர்வு ஒருங்குறி என்று நாம் மாணவர்களுக்குச் சொல்கிறோம். அது பாதி உண்மை. தமிழும் கன்னடமும் 1991இல் வந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டன. விண்டோஸ் 2000இல் தமிழுக்கு 'லதா' எழுத்துரு வந்தது. கன்னடத்திற்கு 'துங்கா' 2001இல் எக்ஸ்பி வரும்வரை காத்திருந்தது. கர்நாடகத் தலைநகரில் ஆட்சிமொழிக்கு முன்பே தமிழ் கணினிக்குள் நுழைந்துவிட்டது என்பது ஒரு சிறு வேடிக்கை. ஆனால் எக்ஸ்பியிலும் அந்த வசதி தானாக இயங்காது. வட்டார, மொழி அமைப்புகளுக்குள் சென்று, சிக்கலான எழுத்துமுறைகளுக்கும் வலமிருந்து இடம் எழுதும் மொழிகளுக்கும் உரிய கோப்புகளை நிறுவும் கட்டத்தில் குறியிட வேண்டும். அந்த வரியில் அடைப்புக்குறிக்குள் தாய்லாந்து மொழியின் பெயர் இருந்தது. தமிழின் பெயர் இல்லை. குறியிட்டவுடன் கணினி நிறுவல் குறுந்தகட்டைக் கேட்கும். பழுதுபார்க்க வந்தவர் அதை எடுத்துக்கொண்டு போயிருப்பார். இதனால்தான் விவரமறிந்தவர்கள் குறுந்தகட்டின் 'ஐ386' கோப்புறையை டி பகுதியில் முன்கூட்டியே நகலெடுத்து வைத்தனர்.

ஆக, ஒவ்வொரு மறுநிறுவலும் கணினியை ஆங்கிலத்திற்கே திருப்பியது. தமிழை ஒவ்வொரு முறையும் யாரேனும் கையால் மீண்டும் அழைத்துவர வேண்டியிருந்தது. 2007இல் வந்த விஸ்டாவில்தான் இந்திய எழுத்துமுறைகளுக்கான ஆதரவு இயல்பாகவே நிறுவப்பட்டது. 1991க்கும் 2007க்கும் இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளைக் கணித்தமிழ் வரலாற்றை எழுதுவோர் தரங்களின் பட்டியலாகவே காண்கின்றனர். தரம் அறிவிக்கப்பட்ட ஆண்டைவிட, குறியிட வேண்டிய அந்தக் கட்டம் தேவையற்றுப்போன ஆண்டே வீட்டுப் பயனரைப் பொறுத்தவரை கால எல்லை என்பது என் கருத்து.

இப்போது இதைப் பேசக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகள் லினக்ஸுக்கு மாற்றப்படுகின்றன, அல்லது பழைய இரும்புக்குப் போகின்றன. பழைய வன்வட்டுகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக நகலெடுக்கப்பட்டு வந்த டி பகுதிகள் இம்முறை மொத்தமாக அழியக்கூடும்.

களப்பணியில் இத்தகைய வட்டு கிடைத்தால், திறக்காத கோப்பை நீக்க விடாதீர்கள். சொற்செயலிக் கோப்பாயின், எழுத்துரு இல்லாவிடினும் அதன் பெயர் கோப்பிற்குள் பதிவாகியிருக்கும்; அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வெற்று உரைக்கோப்பில் அப்பெயர் இராது. அங்கே அரைப்புள்ளிகள் சொல்லுக்குச் சொல் மிகுந்து வந்தால் முதலில் பாமினியை முயன்று பாருங்கள். ஒருங்குறிக்கு மாற்றிய பின்னும் மூலக்கோப்பையும், விண்டோஸ் கோப்புறையில் எஞ்சியுள்ள எழுத்துருக்களையும் ஒன்றாகவே வையுங்கள்.