ஊர்ப்பெயரைக் கேட்கும் கலை: திருவண்ணாமலை வட்டாரத்தில் அடிமை வணிக மரபும் ஊடாட்டப் படைப்பும்

1. சிக்கல்

அடிமை வணிகத்தின் மரபைப் பற்றி ஊடாட்ட டிஜிட்டல் கலைப்படைப்பு ஒன்றைச் செய்விக்க முன்வரும் நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரே எதிர்பார்ப்போடு பணம் ஒதுக்குகின்றன: பார்வையாளர் அடிமையின் இடத்தில் நின்று, அவர் பட்டதைத் தாமும் பட வேண்டும். இந்த எதிர்பார்ப்பே தவறானது என்பது இக்கட்டுரையின் வாதம். பார்வையாளரிடம் இருக்கும் அறிவைக் கேட்டு வாங்கி, குறைபட்ட ஆவணத்தை நிறைவு செய்யும் படைப்பே செய்விக்கத் தக்கது. திருவண்ணாமலை வட்டாரத்தை முன்வைத்து இதை நிறுவ முயல்கிறேன்.

இரண்டு முன்னுதாரணங்கள் எதிரெதிர்த் திசைகளைக் காட்டுகின்றன. டென்மார்க்கில் 2013இல் பள்ளி மாணவர்களுக்காக உருவான ‘பிளேயிங் ஹிஸ்டரி 2: ஸ்லேவ் டிரேட்’ விளையாட்டில், மனித உருவங்களை டெட்ரிஸ் கட்டைகளாகக் கப்பலின் அடித்தட்டில் அடுக்கும் ஒரு கட்டம் இருந்தது. 2015இல் கடும் எதிர்ப்பு எழவே அது நீக்கப்பட்டது. மனிதர்களை எவ்வளவு ஈவிரக்கமின்றித் திணித்தார்கள் என்று காட்டுவதே நோக்கம் என்றனர் உருவாக்கியவர்கள். நோக்கத்தை ஐயுற வேண்டியதில்லை. ஆனால் இடுக்கில்லாமல் அடுக்கினால் வெற்றி என்ற விதி, விளையாடும் சிறுவரைக் கப்பல் முதலாளியின் கணக்குக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

மற்றொன்று ‘ஆஃப்ரிக்கன் ஆரிஜின்ஸ்’ திட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டு ஃப்ரீடவுனிலும் ஹவானாவிலும் பதியப்பட்ட 91,491 பேரின் பெயர்களை அது இணையத்தில் வைத்தது. இந்தப் பெயர் எந்த மொழிக்குரியது, எந்த மக்களிடம் வழங்குவது என்று ஆப்பிரிக்க மொழிகளைப் பேசுவோரையே கேட்டது. முதலாவது பார்வையாளரிடம் விரல் வேகத்தைக் கேட்டது. இரண்டாவது, வேறெவராலும் தர இயலாத ஒன்றைக் கேட்டது.

2. திருவண்ணாமலையின் பங்கு

அடிமை வணிகம் என்றதும் நம் வாசகர் அட்லாண்டிக் கடலையே நினைக்கிறார். சோழமண்டலக் கரையும் அந்த வணிகத்துக்கு விலக்கன்று. பீஜப்பூர்ப் படையெடுப்புகளால் தஞ்சை நாடு சீரழிந்த 1659–61 ஆண்டுகளில், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் 8,000 முதல் 10,000 பேரை விலைக்கு வாங்கியதாக வரலாற்றாசிரியர் மார்க்கஸ் விங்க் கணிக்கிறார். பெரும்பாலோர் இலங்கைக்கும், எஞ்சியோர் பதேவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டனர். 1687 செப்டம்பரில் ஆங்கிலேயர் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து 665 பேரை ஏற்றினர். புதுச்சேரியில் ஆட்களை ஆசைகாட்டி அழைத்துப்போய், தலையை மழித்து, கறுப்புத் துணி உடுத்தி, காலில் விலங்கிட்டுக் கப்பலுக்குக் காத்திருக்க வைத்ததை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1743இல் பதிகிறது.

ஆட்களை வாங்கும் வழக்கம் உள்நாட்டிலும் இருந்தது. பஞ்சத்துக்கு ஆற்றாத வேளாளர் ஒருவர் தம் இரு மகள்களோடு 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையானதை 1201ஆம் ஆண்டுத் திருப்பாம்புரம் கல்வெட்டு சொல்கிறது. பண்ணையடிமை முறை பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்றதே தவிர, படியாளுக்கு நிலமோ வேறு பிழைப்போ தரவில்லை.

பிரிட்டிஷ் குடியேற்றங்களில் 1834இல் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டனர். அந்தத் தேவை, இன்றைய திருவண்ணாமலை வட்டாரம் அடங்கியிருந்த சென்னை மாகாணத்தின் வட, தென் ஆர்க்காட்டு மாவட்டங்களை எட்டியது. மொரீஷியஸ் தொடங்கி தென்னாப்பிரிக்காவின் நேட்டால், ஃபிஜி வரை அங்கிருந்து ஆட்கள் போனார்கள். 1860 நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பனில் கரைசேர்ந்த ‘டுரூரோ’ சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பல். 1911 வரை நேட்டால் சென்ற 1,52,184 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியே போனவர்கள்.

ஒப்பந்தக் கூலிமுறை அடிமைமுறையாகாது என்ற மறுப்பைப் புறந்தள்ள முடியாது. ஐந்தாண்டுக் கெடுவும் கூலியும் திரும்பும் உரிமையும் அதில் இருந்தன. வரலாற்றாசிரியர் ஹ்யூ டிங்கர் 1974இல் அதைப் புதிய அடிமைமுறை என்றார். மரீனா கார்ட்டர் போன்றோர் புலம்பெயர்ந்தவர்களின் சொந்த முடிவுகளையும் கணக்கில் கொண்டனர். படைப்பு இவ்விரண்டில் ஒன்றைத் தீர்ப்பாக வழங்க வேண்டியதில்லை. கடனும் பஞ்சமும் சாதியும் நெருக்கிய ஒருவருக்குக் கைநாட்டு வைக்கும்போது எவ்வளவு விருப்பம் மிஞ்சியிருந்தது என்ற கேள்வியை அது திறந்தே வைக்கலாம்.

3. பதிவேடு கேட்கும் உதவி

நேட்டால் கப்பல் பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடல் அடையாளம் ஆகியவை அடுத்தடுத்த கட்டங்களில் வருகின்றன. ஊர்ப்பெயர் எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலமாகியிருக்கிறது. ஆங்கிலேயர் ஆவணங்களில் திருவண்ணாமலை ‘டிரினோமலி’, வந்தவாசி ‘வாண்டிவாஷ்’ என்றால், ஏரிக்கரைச் சிற்றூர்களின் கதியை ஊகிக்கலாம். நிர்வாக எல்லையும் குழப்பம் தருகிறது. 1911 வரை திருவண்ணாமலை தாலுகா தென்னார்க்காட்டில் இருந்தது; போளூரும் வந்தவாசியும் வடார்க்காடு. இன்றைய திருவண்ணாமலை மாவட்டம் 1989இல்தான் பிறந்தது. டர்பனில் கொள்ளுப்பாட்டியின் ஊரைத் தேடுபவர் தவறான மாவட்டத்தில் தேடிக் களைக்க நேரும்.

இங்கேதான் ஊடாட்டத்துக்கு உண்மையான வேலை இருக்கிறது. பதிவேட்டின் ஒரு வரி கைபேசித் திரையில் தோன்றும், ஊர்ப்பெயர் ஒலிக்கும். பார்வையாளர் தமக்குத் தெரிந்த ஊர், குக்கிராமம், பழைய ஏரிப்பெயர் எதையேனும் பொருத்துவார். வேறு சிலரும் அதையே உறுதிசெய்தால், மூலப்பதிவை அழிக்காமல் குறிப்பாக அருகில் சேரும். தலையில் மாட்டும் மெய்நிகர்க் கருவி தேவையில்லை. தண்டராம்பட்டுப் பேருந்தில் வரும் மூதாட்டி சொல்லும் ஒரு பெயர், எந்த மென்பொருளாலும் ஊகிக்க முடியாத தகவல்.

4. இரண்டு தடைகள்

பதிவேடு ஆட்சியாளரின் கருவி. அதைச் சுற்றியே படைப்பை அமைத்தால் அவர்கள் எண்ணியவர்களே எஞ்சுவார்கள் என்பது முதல் தடை. ஆள் சேர்க்கும் கங்காணியோடு இலங்கைத் தோட்டங்களுக்கு நடந்தவர்களும், எங்கும் போகாமல் படியாளாகவே மாண்டவர்களும் கப்பல் பட்டியலில் இல்லை. ஆகவே வெற்று வரிகளும் படைப்பில் இடம்பெற வேண்டும். அவற்றைக் குடும்ப நினைவுகளின் குரல்பதிவுகள் நிரப்பட்டும். அந்தக் குரல்பதிவுகளின் உரிமை சொன்னவரிடமே இருக்கும் என்பது ஒப்பந்தத்தின் முதல் விதியாகட்டும்.

இந்தக் குரல்களில் நிகழ்காலமும் வரும். 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்த பின்னும் வட மாவட்டங்களின் செங்கல் சூளைகளிலும் மரம்வெட்டும் இடங்களிலும் முன்பணத்துக்குக் கட்டுண்ட இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டுவருகின்றன. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் இறந்த 20 பேரில் திருவண்ணாமலை மாவட்டத்தாரும் இருந்தனர். செம்மரம் வெட்ட ஆள் சேர்த்த தரகரும் அன்றைய கூலிச் சேர்ப்பாளரும் பிடிப்பது ஒரே இடத்தை: விளைச்சலில்லாத வீட்டின் அவசரத் தேவையை.

இரண்டாவது தடை சாதிக் கட்டம். அதை மறைத்தால் யார் ஏன் போனார்கள் என்பதே மறைந்துபோகும். அப்படியே காட்டினால் ஊரும் தெருவும் குடும்பமும் இன்று அடையாளம் காணப்படும். தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதியினர் காவல்துறைப் பாதுகாப்போடு முதன்முறை நுழைய 2023 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்த மாவட்டம் இது. எனவே சாதிவாரித் தொகுப்பைத் தாலுகா அளவில் காட்டலாம். தனிமனிதர் வரியில் அந்தக் கட்டம் வழித்தோன்றல்களின் இசைவோடு மட்டுமே திறக்கலாம். படைப்பைக் கோயில் திடலில் வைக்காமல், எவரும் தடையின்றி நுழையும் அரசு கலைக் கல்லூரியிலும் பேருந்து நிலையத்திலும் வைப்பதற்கும் இதுவே காரணம்.

5. தரவும் கலையும்

அப்படியானால் இது கலையா, தரவுத்தளமா? விடை இந்த மண்ணிலேயே இருக்கிறது. செஞ்சியைச் சுற்றிய பகுதி திரௌபதி வழிபாட்டின் நடுவம். திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசை தெருக்கூத்துக்குப் பேர்போனது. பாரதக் கூத்தின் முடிவில் படுகளத்தன்று ஊரார் மண்ணால் துரியோதனன் உருவத்தைப் பரப்புகிறார்கள், விரதமிருந்தோர் தீ மிதிக்கிறார்கள். அவர்களை எவரும் திரௌபதியாக மாறி உணரச் சொல்வதில்லை. ஒவ்வொருவருக்கும் செய்ய ஒரு பங்கு இருக்கிறது. உணர்வு அந்தச் செயலிலிருந்து பிறக்கிறது. கப்பலேறியவர்கள் இந்த வடிவத்தையும் உடன் கொண்டுபோனார்கள். தீமிதி ரீயூனியனிலும் ஃபிஜியிலும் நடக்கிறது. நேட்டாலில் தெருக்கூத்து ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்ற பெயரில் வாழ்கிறது.

ஆகவே கூத்துக் கலைஞரும் ஆவணக் காப்பாளரும் மென்பொருளாளரும் சம பங்காளிகளாக முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பார்வையாளரைக் கேள்வி கேட்டு வம்புக்கிழுப்பவன். பதிவேட்டின் முன் தயங்கி நிற்பவரிடம் ஊர்ப்பெயர் கேட்க அவனைவிடப் பொருத்தமான வழிகாட்டி இல்லை.

6. செய்விப்போருக்கு

குறைந்த விலைப்புள்ளிக்குப் பணியைக் கொடுத்து, திறப்பு விழா நாளோடு கணக்கை முடிக்கும் வழக்கம் இதற்கு ஒத்துவராது. பொருத்தங்களைச் சரிபார்க்கவும் குரல்களைப் பேணவும் திரைகளைப் பழுதுபார்க்கவும் ஆண்டுதோறும் ஊதியம் வேண்டும். அது உருவாக்கச் செலவுக்கு இணையாகவே ஒதுக்கப்பட வேண்டும். சேரும் குறிப்புகள் டர்பனுக்கும் மொரீஷியஸுக்கும் கட்டணமின்றிப் போக வேண்டும்; அங்கிருந்து வரும் திருத்தங்களை இங்கே ஏற்கவும் வேண்டும். படைப்பின் வெற்றியை எத்தனை பேர் கண்கலங்கினார்கள் என்று அளப்பது வீண். எத்தனை ஊர்ப்பெயர்கள் தெளிந்தன, எத்தனை வெற்று வரிகள் நிரம்பின, எத்தனை குடும்பங்கள் இசைவு தர மறுத்தன என்று அளக்கலாம். மறுப்பும் ஒரு பதிலே. அதற்கு இடம் வைக்காத ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது.