எந்திரிக்காம குந்துங்க

1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியர் தொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் ஓடிய பரிசலைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். கூடை போல உருண்டை. உள்ளே பிரம்பு, வெளியே தோல். பதினைந்து இருபது பேர் ஏறுகிறார்கள், குதிரையும் மாடும்கூடக் கடக்கின்றன. ஆனால் சுற்றிக்கொண்டே போகிறதாம். அதைக் கோளாறு என்றே நினைத்திருப்பார் போல. எங்கள் பென்னாகரத்துப் பக்கம் கேட்டிருந்தால், சுற்றவிடாமல் மல்லுக்கட்டினால்தான் கவிழும் என்று சொல்லியிருப்பார்கள்.

பரிசலுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. மூங்கில் பத்தையைப் பின்னி, அந்தக் காலத்தில் எருமைத்தோலைப் போர்த்தினார்கள். பிறகு பிளாஸ்டிக் சாக்கும் தாரும் வந்தன. பரிசலைக் கவிழாமல் காப்பது உள்ளே இருப்பவர்களின் எடைதான். நாகமரைத் துறையில் பரிசல் போட்ட என் சித்தப்பா, துடுப்பைத் தொடுமுன் ஆட்களை இடம் மாற்றுவார். கனத்த ஆள் அந்தப் பக்கம், கைக்குழந்தைக்காரி நடுவில். "என்ன ஆனாலும் எந்திரிக்காம குந்துங்க" என்பார். சுழியில் மாட்டினால் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். இரண்டு சுற்று போகும். வெளி விளிம்புக்கு வந்ததும் ஒரே இழுப்பு. அந்த இரண்டு சுற்றுக்குள் எவனாவது எழுந்தால்தான் அவருக்குக் கெட்ட வார்த்தை வரும்.

1934இல் மேட்டூர் அணை திறந்தபின் இங்கே ஆறு ஏரியாகிவிட்டது. எதிர்க்கரையில் பழைய பண்ணவாடி நீருக்குள் போனது. தண்ணீர் நன்றாக இறங்கினால் அதன் நந்தி சிலை வெளியே தெரியும். சுழிக்குப் பதில் ஆடிக்காற்று வந்தது. அதற்குச் சித்தப்பாவின் வைத்தியம் வேறு: காற்று எந்தக் கரையில் ஒதுக்குகிறதோ அங்கேயே இறங்கிக்கொள், வீட்டுக்கு நடந்து போகலாம்.

ஒகேனக்கல்லில் இன்று நிதானத்தை அரசாங்கமே எடுத்துக்கொண்டுவிட்டது. பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் கனஅடியை அளக்கிறது. வரத்து கூடினால் ஆட்சியர் பரிசலை நிறுத்திவிடுவார். 2018 ஆகஸ்டில் வரத்து இரண்டு லட்சம் கனஅடியைத் தொட்டபோது எந்தச் சித்தப்பாவாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. தடை நாளில் பரிசல்காரருக்குக் கூலி இல்லை என்பதும் உண்மைதான். லைப் ஜாக்கெட்டை மட்டும் சித்தப்பா ஒத்துக்கொண்டிருக்கமாட்டார். "அதைப் போட்டா தெகிரியம் வந்து எந்திரிப்பானுங்க" என்றிருப்பார். செல்பி எடுக்க எழுந்து நிற்பவர்களைப் பார்த்தால் அவர் பக்கம்தான் நியாயம் என்று தோன்றும். ஆனாலும் என் பேரப்பிள்ளைகளுக்கு ஜாக்கெட்டின் வாரை நானே இழுத்துக் கட்டுகிறேன்.